நிண்டெண்டோவின் ஆண்டுக் கணக்கு: வருவாய் ஏறினால் லாபமும் ஏறுமா?

கணக்கேடு

2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் வருவாய் 30 சதவீதமும் செயல்பாட்டு லாபம் (தொழிலில் மட்டும் வந்த லாபம்) 46 சதவீதத்துக்கு மேலும் குறைந்தன. இந்த இரண்டு எண்களை மட்டும் பிடித்துக்கொண்டு நிறுவனத்துக்கு இரங்கற்பா பாடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எட்டு ஆண்டு ஓடிய ஸ்விட்ச் என்ற கன்சோலின், அதாவது கேம் ஆடும் பெட்டியின், கடைசி ஆண்டு அது. அடுத்த கன்சோல் வரப்போகிறது என்று ஊருக்கே தெரிந்த பிறகு பழையதை யார் வாங்குவார்கள்? அப்படிப்பட்ட ஆண்டிலும் 28,250 கோடி யென் செயல்பாட்டு லாபம் வந்திருக்கிறது. வருவாயில் நூற்றுக்கு 24 யென் லாபம். முந்தைய தலைமுறை கன்சோலான வீ யூவின் கடைசி ஆண்டான 2017இல் நூற்றுக்கு 6 யென்தான் நின்றது.

நிண்டெண்டோவின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. இந்த இழையில் 2009 என்று எழுதினால் 2009 மார்ச்சில் முடிந்த ஆண்டு என்று கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் யென்னில்.

2009இல் வருவாய் 1.84 லட்சம் கோடி, செயல்பாட்டு லாபம் 55,530 கோடி. வீ என்ற வீட்டுக் கன்சோலும் டிஎஸ் என்ற கைக் கன்சோலும் ஒன்றாகக் கொடிகட்டிப் பறந்த காலம். அங்கிருந்து வருவாய் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி 2012இல் 64,770 கோடிக்கு வந்தது. அந்த ஆண்டில்தான் செயல்பாட்டு நஷ்டம் 3,730 கோடி. 2013இல் 3,640 கோடி, 2014இல் 4,640 கோடி என்று மூன்று ஆண்டுகள் தொடர் நஷ்டம். 2017இல் வருவாய் 48,910 கோடி, அதாவது உச்சத்தில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். மறு ஆண்டே 1.06 லட்சம் கோடி. 2021இல் 1.76 லட்சம் கோடி வருவாயும் 64,060 கோடி லாபமும்.

இப்படி ஏறி இறங்கும் கணக்கை ஒரே ஒரு ஆண்டை வைத்துப் படிக்கவே கூடாது என்பது என் கட்சி. அந்தக் கன்சோல் தன் ஆயுளில் எந்த வயதில் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வருவாயும் லாபமும் அதற்குப் பிறகுதான்.

ஆட்டக்களம்

ஐயா, ஒன்று கேட்கிறேன். 2009ஐவிட 2021இல் வருவாய் குறைவு, லாபம் மட்டும் எப்படி அதிகம்? கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், அதனால்தான் என்று எங்கும் எழுதுகிறார்கள். அது மட்டும்தானா?

கணக்கேடு

அது மட்டுமில்லை நண்பரே. இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறுவனமே மாறிப்போனது தெரியும்.

2009இல் வீ 2.59 கோடி, டிஎஸ் 3.12 கோடி, ஆக 5.71 கோடிப் பெட்டிகள் போயின. கேம்கள் இரண்டுக்கும் சேர்த்து 40 கோடிப் பிரதிகள். 2021இல் ஸ்விட்ச் 2.88 கோடி, கேம்கள் 23 கோடி. பெட்டியில் பாதி, கேமில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் வருவாய் கிட்டத்தட்ட அதே அளவு, செயல்பாட்டு லாபம் 8,500 கோடி அதிகம்.

காரணங்களில் முதலாவது, வீட்டுக்கு ஒரு கன்சோல், கைக்கு ஒரு கன்சோல் என்று இரண்டு வண்டி ஓட்டிய நிறுவனம் ஸ்விட்சோடு ஒன்றே ஒன்றுக்கு வந்துவிட்டது. முன்பு இரண்டாகப் பிரிந்து உழைத்த குழுக்கள் ஒரே இயந்திரத்துக்கு கேம் செய்கின்றன. அடுத்தது, விலை இறங்கவில்லை. ஸ்விட்ச் 2017இல் அமெரிக்காவில் 299.99 டாலருக்கு வந்தது. ஆண்டுகள் போகப் போக கன்சோல் விலை குறைவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். அமெரிக்காவில் ஸ்விட்ச் விஷயத்தில் அது நடக்கவே இல்லை. 2025 ஆகஸ்டில் அங்கே விலையை ஏற்றக்கூடச் செய்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது டிஜிட்டல் விற்பனை, அதாவது கேம் முதலியவற்றை இணையம் வழியே விற்பது. 2021இல் அது மட்டும் 34,410 கோடி. கார்ட்ரிட்ஜ் செலவு இல்லை, பெட்டி இல்லை, கடைக்காரருக்குக் கொடுக்கும் பங்கும் இல்லை. வீ காலத்தில் இது பெயரளவுக்குத்தான் இருந்தது. போதாக்குறைக்கு, ஸ்விட்ச் கேம் விற்பனைப் பணத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிண்டெண்டோ தானே வெளியிட்ட கேம்களிலிருந்து வருகிறது. பிறர் வெளியிடும் கேமில் உரிமைத் தொகை மட்டும்தான் கிடைக்கும். தன்னுடையது என்றால் முழுப்பணமும் தனக்கே.

கொரோனாவின் பங்கை மறுக்க முடியாது. அனிமல் கிராசிங் என்ற கேமின் ஸ்விட்ச் பதிப்பு 2020 மார்ச் 20இல் வந்து, மாத முடிவுக்குள், 12 நாளில் 1.17 கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. அடுத்த நிதியாண்டில் மேலும் 2 கோடிக்கு மேல். ஆனால் ஊரடங்கெல்லாம் முடிந்த 2024இலும் லாப விகிதம் 31 சதவீதத்துக்கு மேல் நின்றதே, அதை கொரோனாவின் கணக்கில் எழுத முடியாது.

நாணயமாற்று

கணக்கேடு சொல்வதோடு யென்னையும் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு நிண்டெண்டோ கணக்கைப் படித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

விற்பனையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஜப்பானுக்கு வெளியே நடக்கிறது. 2009 நிதியாண்டில் ஒரு டாலர் சராசரியாக 100 யென். 2012இல் 79 யென். அமெரிக்காவில் 200 டாலருக்கு ஒரு பெட்டி விற்றால் முன்பு 20,000 யென் கைக்கு வந்தது, பிறகு 15,800தான். அதே பெட்டி, அதே கடை, அதே வாடிக்கையாளர். கியோட்டோ தலைமையகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதும்போது மட்டும் 4,200 யென் காணாமல் போகிறது. 2024இல் நிலைமை தலைகீழ், ஒரு டாலருக்கு 144 யென்.

நிகர லாபத்தில் இந்த ஆட்டம் இன்னும் மோசம். நிறுவனம் டாலரிலும் யூரோவிலும் பெரும் தொகையை இருப்பாக வைத்திருக்கிறது. ஆண்டு முடிவில் அதை யென்னில் மதிப்பிடும்போது மாற்று விகிதம் இறங்கியிருந்தால் அந்தக் குறைவும் நஷ்டமாகப் பதிவாகிறது. உச்ச ஆண்டான 2009இல் செயல்பாட்டு லாபம் 55,530 கோடியாக இருந்தும் நிகர லாபம் 27,910 கோடிதான். வரி போக, அந்நியச் செலாவணியில் மட்டும் 13,390 கோடி நஷ்டம். 2013இல் அப்படியே மாறி நடந்தது. தொழிலில் 3,640 கோடி நஷ்டம், ஆனால் யென் பலவீனப்பட்டதால் நிகரத்தில் 710 கோடி லாபம். அன்று நாளிதழில் 'லாபத்துக்குத் திரும்பியது' என்று படித்தவர்கள் மறு ஆண்டே 2,320 கோடி நிகர நஷ்டத்தைப் பார்த்தார்கள்.

2017இல் நிகர லாபம் 10,260 கோடி, செயல்பாட்டு லாபம் 2,940 கோடி. தொழிலில் வந்ததைவிட மூன்று மடங்குக்கு மேல் நிகரத்தில் எப்படி வரும்? 2016 ஆகஸ்டில் சியாட்டில் மரினர்ஸ் பேஸ்பால் அணியில் தன் வசமிருந்த பங்கில் பெரும்பகுதியை விற்றார்கள். போகிமான் நிறுவனத்தில் உள்ள பங்கிலிருந்தும் நல்ல வரவு. பேஸ்பால் அணி விற்ற பணத்துக்கும் கேம் தொழில் எப்படிப் போகிறது என்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. செயல்பாட்டு லாபத்தைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

சிறுமுதலீட்டாளர்

எண்கள் சரி. ஆனால் இந்த இழை நிண்டெண்டோவுக்குச் சாமரம் வீசும் இடமாக மாறுவதை நான் ஏற்க மாட்டேன்.

2009இல் 1.84 லட்சம் கோடி, 2017இல் 49 ஆயிரம் கோடி. இதைச் சுழற்சி என்று மென்மையாகச் சொல்கிறீர்கள். பங்குதாரருக்கு அது எட்டு ஆண்டுக் காத்திருப்பு. கன்சோல் வயதானது மட்டும் காரணமா? டிஎஸ்ஸுக்கு அடுத்த கைக் கன்சோலான 3டிஎஸ்ஸை 2011 பிப்ரவரியில் 25,000 யென்னுக்குக் கொண்டுவந்தார்கள், ஆகஸ்டில் 15,000க்கு இறக்கினார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, விலையில் 40 சதவீதம் போய்விட்டது. அதன் பிறகு சில காலம் ஒவ்வொரு பெட்டியும் அடக்க விலைக்குக் கீழே போனது. முதலில் வாங்கிய வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. வீ யூவும் அடக்க விலைக்குக் கீழேதான் சந்தைக்கு வந்தது. இரண்டு பெட்டிகளையும் நஷ்டத்தில் விற்றுவிட்டு மூன்று ஆண்டு நஷ்டத்துக்கு யென்னைக் குறை சொன்னால் எப்படி? வீ 10 கோடிக்கு மேல் விற்றது, வீ யூ மொத்த ஆயுளிலும் 1.36 கோடி. நிர்வாகம் எடுத்த முடிவுகளுக்கு நிர்வாகம்தான் பொறுப்பு.

இவ்வளவுக்கும் கையில் லட்சம் கோடி யென்னுக்கும் மேல் ரொக்கமும் பத்திரங்களுமாகச் சும்மா கிடக்கிறது. உங்கள் பணமும் என் பணமும்தான் அது.

வீயூக்காரி

சிறுமுதலீட்டாளர் அவர்களே, நீங்கள் சும்மா கிடக்கிறது என்று சொல்லும் அந்தப் பணம்தான் 2012 முதல் 2014 வரை அந்த நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தது. அதைப் பற்றி எனக்கு எழுத வேண்டும்.

2014 ஜனவரி 17ஆம் தேதி அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். அந்த நிதியாண்டில் 90 லட்சம் வீ யூ விற்போம் என்று சொல்லியிருந்தவர்கள், இல்லை 28 லட்சம்தான் என்றார்கள். 10,000 கோடி யென் செயல்பாட்டு லாபம் வரும் என்றவர்கள் 3,500 கோடி நஷ்டம் என்றார்கள். ஒரே நாளில், ஒரே காகிதத்தில். வேறு எந்த நிறுவனமாக இருந்தாலும் மறு வாரம் ஆட்குறைப்புச் செய்தி வந்திருக்கும்.

அங்கே என்ன நடந்தது? தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். மூத்த இயக்குநர்களான மியாமோட்டோவும் டக்கேடாவும் 30 சதவீதம், மற்ற இயக்குநர்கள் 20 சதவீதம். ஐந்து மாதத்துக்கு. அதற்கு முந்தைய ஆண்டுப் பங்குதாரர் கூட்டத்திலேயே ஆட்குறைப்பு ஏன் செய்யவில்லை என்ற கேள்வி வந்தது. வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிற மனிதர்களால் உலகம் வியக்கும் கேம் செய்ய முடியாது என்ற பொருளில் அவர் விடை சொன்னார். விதைநெல்லை விற்றுச் சாப்பிடாத குடும்பம் அது. அந்த ஆண்டுகளில் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுச் செலவு குறையவில்லை, கூடியது. நஷ்ட ஆண்டில் செலவைக் கூட்டுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

வீ யூவை விரும்பி வாங்கி விளையாடியவள் நான். அதில் வந்த மரியோ கார்ட் 8 மொத்தம் 84 லட்சத்துச் சொச்சம் பிரதிகள் விற்றது. அதே கேமைச் சற்று மெருகேற்றி ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தார்கள், 6.8 கோடிக்கும் மேல் போயிருக்கிறது. 2018க்குப் பிறகு நீங்கள் பார்க்கும் லாபத்தில் ஒரு பங்கு அந்த நஷ்ட ஆண்டுகளில் உழைத்த குழுவின் உழைப்பு. செலவு அந்த ஆண்டுகளின் ஏட்டில், வரவு இந்த ஆண்டுகளின் ஏட்டில். ஆண்டுக் கணக்கு இதை எங்கேயும் காட்டாது.

இவாடா 2015 ஜூலையில் காலமானார். ஸ்விட்ச் வந்தது 2017 மார்ச் 3. அதன் வெற்றியை அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

சிறுமுதலீட்டாளர்

அக்கா, நீங்கள் உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள், அதில் உண்மை இருக்கிறது. மரியோ கார்ட் கணக்கு என்னை யோசிக்க வைத்தது.

இருந்தாலும் ஒன்று. ஸ்விட்ச் தோற்றிருந்தால் இதே பொறுமையை நாம் பிடிவாதம் என்று எழுதியிருப்போம். அந்த நாளில் முதலீட்டாளர்கள் எல்லோரும் கைபேசிக்கு கேம் செய்யுங்கள் என்றுதான் மன்றாடினார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இல்லையா?

கணக்கேடு

நியாயம் இருந்தது. அவர்களும் காது கொடுத்தார்கள். 2015 மார்ச்சில் டிஎன்ஏ (DeNA) என்ற ஜப்பானிய கைபேசி கேம் நிறுவனத்தோடு கைபேசிக் கூட்டணியை அறிவித்தார்கள். முதலீட்டாளர்கள் பதறக் கூடாது என்பதற்காக, புதிய கன்சோல் ஒன்று உருவாகிறது என்ற செய்தியையும் அதே மேடையில் சொன்னார்கள். பிறகு வந்த ஸ்விட்ச்தான் அது.

விளைவு என்ன? லாபம் உச்சம் தொட்ட 2021இல் கைபேசியும் உரிமைத் தொகையும் சேர்ந்து 5,700 கோடி. மொத்த வருவாயில் 3 சதவீதம். கைபேசி காப்பாற்றும் என்று சொன்னவர்களின் கணிப்பு பலிக்கவில்லை. 2024இல் இந்தப் பிரிவு 9,270 கோடிக்கு, 81 சதவீதம், பாய்ந்ததற்குக் காரணமும் கைபேசி இல்லை, 2023 ஏப்ரலில் வந்த சூப்பர் மரியோ திரைப்படம்.

நாணயமாற்று

கைபேசி என்றதும் 2016 ஜூலை ஞாபகம் வருகிறது. கணக்கைப் படிக்காமல் பங்கு வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சம்பவம் எனக்குத் தெரியாது.

ஜூலை 6இல் போகிமான் கோ என்ற கைபேசி கேம் வெளியானது. தெருவெங்கும் கூட்டம். நிண்டெண்டோ பங்கு சில நாட்களிலேயே இரண்டு மடங்கானது. ஆனால் அந்தச் செயலியை உருவாக்கி வெளியிட்டது நயான்டிக் என்ற அமெரிக்க நிறுவனம். போகிமான் நிறுவனம் உரிமை கொடுத்தது. அந்த நிறுவனத்தில் நிண்டெண்டோவுக்கு 32 சதவீதப் பங்கு. ஆக நிண்டெண்டோவின் ஏட்டுக்கு வருவது உரிமைத் தொகையில் கழிவுகள் போக மிஞ்சும் லாபத்தின் ஒரு துண்டு. அதுவும் வருவாயாக வராது. கூட்டு நிறுவன லாபப் பங்கு என்ற வரியில் வரும். ஜூலை 22, வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் கணக்கில் இதன் தாக்கம் குறைவுதான் என்று நிறுவனமே அறிவித்தது. திங்கட்கிழமை பங்கு 17 சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

32 சதவீதம் என்ற எண் அதற்கு முந்தைய ஆண்டறிக்கைகளிலேயே அச்சாகியிருந்தது. யாரிடமும் மறைக்கவில்லை.

தென்மேற்குப்பருவம்

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், வணக்கம். இந்தியாவில் விற்பது எந்தக் கணக்கில் வருகிறது?

கணக்கேடு

வணக்கம். அறிக்கையில் ஜப்பான், அமெரிக்கக் கண்டம், ஐரோப்பா, பிற என்று நான்கே பிரிவுகள். இந்தியாவில் நிண்டெண்டோவுக்கு அதிகாரபூர்வ விற்பனை இல்லை, இணையக் கடையும் இல்லை. சென்னைக் கடைகளில் கிடைப்பது வெளிநாட்டிலிருந்து தனியார் கொண்டுவருவது. துபாயில் வாங்கினாலும் சிங்கப்பூரில் வாங்கினாலும் அந்தந்த ஊர் விற்பனையாகத்தான் பதிவாகும். இவ்வளவு பெரிய சந்தையை இப்படிக் கைவிட்டு வைத்திருப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆட்டக்களம்

ஸ்விட்ச் 2 வந்த பிறகு என்ன நிலைமை? நான்கு நாளில் 35 லட்சம் விற்றது என்று படித்தேன். இனி ஏறுமுகம்தானே?

கணக்கேடு

வருவாய் ஏறிவிட்டது. லாபம் இன்னும் அந்த வேகத்தில் ஏறவில்லை. நான் முதல் பதிவில் கன்சோலின் வயதைப் பாருங்கள் என்றதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஸ்விட்ச் 2 வந்தது 2025 ஜூன் 5. செப்டம்பர் இறுதிக்குள் ஒரு கோடிக்கு மேல் விற்றாகிவிட்டது. ஆண்டு இலக்கை 1.5 கோடியிலிருந்து 1.9 கோடியாக உயர்த்தினார்கள். அந்த ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டில் வருவாய் சுமார் 1.1 லட்சம் கோடி, முந்தைய ஆண்டின் அதே அரையாண்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல். செயல்பாட்டு லாபமோ 20 சதவீதம் அளவுக்குத்தான் கூடியது. லாப விகிதம் 13 சதவீதம் போல.

காரணம் எளிது. புதிய கன்சோல் வந்த ஆண்டில் விற்பனையில் பெரும்பங்கு பெட்டி. பெட்டியில் லாபம் மெலிது. 2025இல் வந்தபோது ஜப்பானுக்கு மட்டுமான பதிப்பின் விலை 49,980 யென், அமெரிக்காவில் 449.99 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஜப்பானில் எவ்வளவு இறக்கி விற்றார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சொந்த ஊரில் ஆட்களைச் சேர்ப்பதற்காக லாபத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

ஸ்விட்ச் முதல் தலைமுறையிலும் இதுதான் நடந்தது. 2018இல் லாப விகிதம் 17 சதவீதம், அடுத்து 21, அடுத்து 27, பிறகு 2021இல் 36. பெட்டி வீட்டுக்குள் போய் உட்கார்ந்த பிறகு அதற்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று கேம் வாங்குவார்கள். லாபம் அங்கிருந்து வருகிறது. 2022ஐப் பாருங்கள், சிப் தட்டுப்பாட்டில் பெட்டி விற்பனை 2.88 கோடியிலிருந்து 2.31 கோடியாகக் குறைந்தது. கேம் விற்பனை 23.5 கோடியாக ஏறியது. நிகர லாபம் 48,040 கோடியிலிருந்து 47,770 கோடி, அசையவே இல்லை.

சிறுமுதலீட்டாளர்

இந்த வாதம் புரிகிறது. ஆனால் 17, 21, 27, 36 என்ற படிக்கட்டு மறுபடி அப்படியே வரும் என்று எழுதி வைத்துவிடாதீர்கள். இம்முறை மூன்று விஷயங்கள் வேறு. அமெரிக்கா 2025இல் போட்ட இறக்குமதி வரி முன்பு இல்லை. அதனால் அங்கே முன்பதிவையே தள்ளிப்போட்டார்கள். கேம் செய்யும் செலவும் ஏறியிருக்கிறது. மூன்றாவது, விலை. ஸ்விட்ச் 2க்கான மரியோ கார்ட் வேர்ல்ட் 2025இல் அமெரிக்காவில் 79.99 டாலருக்கு வந்தது. ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு மூன்று கேம் வாங்கிக்கொடுத்த தகப்பன் அந்த விலையில் மூன்று வாங்குவானா, ஒன்றோடு நிறுத்திக்கொள்வானா? உங்கள் படிக்கட்டு முழுவதும் அந்த முடிவில்தான் நிற்கிறது.

வீயூக்காரி

இந்தக் கேள்விதான் சரியான கேள்வி. எங்கள் வீட்டில் இப்போதே அந்தப் பேச்சு நடக்கிறது. புது கன்சோலில் பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை ஓடுகின்றன என்பதால் புதிதாக வாங்க அவசரம் இல்லை என்பது என் கணவர் வாதம். வாடிக்கையாளருக்கு நல்லது, கேம் விற்பனைக் கணக்குக்கு முதல் இரண்டு ஆண்டு எப்படியோ.

கணக்கேடு

சிறுமுதலீட்டாளர் எழுப்பிய விலைக் கேள்விக்கு விடை ஆண்டறிக்கையில் வருவதற்கு முன்பே காலாண்டு அறிக்கையில் தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் விற்ற கேம் எண்ணிக்கையை விற்ற கன்சோல் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கன்சோல் வந்த முதல் ஆண்டில் இது குறைவாகத்தான் இருக்கும். ஸ்விட்சுக்கு 2021இல் 8, 2022இல் 10, கடைசி ஆண்டான 2025இல் 14க்கு மேல். கூடவே டிஜிட்டல் விற்பனைத் தொகை தனியாக அச்சாகியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் 2க்கும் ஸ்விட்சுக்கும் எண்களைத் தனித்தனியாகத் தருகிறார்கள், கலந்துவிடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டு பண்டிகைக் காலாண்டு, அதை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு மட்டும் ஒப்பிட வேண்டும். அடுத்த அறிக்கை வந்ததும் எண்களை இதே இழையில் பதிகிறேன்.